பேராசிரியருக்கு வைத்த யங்கோனா

"நம்ம வசதிப்படி படிக்கலாம்னு போட்டிருக்கே, அது யாரோட வசதி?" என்று கணவன் வைசாகே கேட்டான்.

"என் வசதிதான்."

"காலையில வார்டு. சாயங்காலம் சமையல், சர்ச்சு, உன் சொந்தம், என் சொந்தம். இதுல உன் வசதி எந்த மூலையில இருக்குன்னு காட்டு, நானும் வந்து பாக்கறேன்."

"சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் யங்கோனா குடிக்கச் சட்டியைச் சுத்தி உக்காருவீங்கல்ல, அந்த நேரம்."

"அது ஊரே வந்து உன்கிட்ட ஏதாவது கேக்கற நேரமாச்சே."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அன்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கரும்பு லாரிகள் ஆலைக்குப் போகும் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சிரித்தார்கள். அந்தப் பேச்சு இப்போதெல்லாம் சலா என்கிற சலனியேதாவுக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. சிரிப்பு மட்டும் வருவதில்லை.

லம்பாசா மருத்துவமனையில் அவள் ஆண்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ். வார்டைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் தலைநகர் சுவாவில் உட்கார்ந்துகொண்டு எத்தனை படுக்கை, எத்தனை நர்ஸ் என்று முடிவு செய்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவமனை நிர்வாக முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே படிக்கலாம். நேரம் கிடைத்தால் இரண்டு பாடம் எடுக்கலாம், கிடைக்காவிட்டால் ஒன்று. முடியாத பருவத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு தொடரலாம். விரிவுரைகள் எல்லாம் பதிவு செய்து வைக்கப்பட்டவை. விடியற்காலையிலும் பார்க்கலாம், மதியத்திலும் பார்க்கலாம். நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அவள் வீட்டில் சொல்லவில்லை.

சொல்லக் கூடாது என்று நினைத்து மறைத்ததல்ல. முதல் நாள் மாலையில் நடந்தது அப்படி. வைசாகேயின் அப்பா தனியேலா, மனைவி இறந்த பிறகு கோரோ தீவிலிருந்து வந்து இவர்களோடு தங்கியிருந்தார். கூடத்தில் குட்டை மேசைமேல் மடிக்கணினி. திரையில் வெள்ளைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாகப் பேராசிரியர் ஹாலோரன் கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இவர்?" என்று மாமனார் காதோரம் கிசுகிசுத்தார்.

"எங்க பேராசிரியர், மாமா."

"நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு. யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் உள்ளே போனார். சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்கள் மரியாதைக்குக் கொண்டுபோய் வைக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைத் தம் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். மேசைக்கு எதிரே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, உள்ளங்கைகளைக் குழித்து மெதுவாகத் தட்டினார்.

"இவர் வெள்ளைக்காரர். இன்னொருத்தர் வீட்டுக்குள்ள நுழையும்போது என்ன கொண்டு வரணும்னு இவருக்குத் தெரியாது. அது இவர் குத்தமில்ல. இவருக்காக நானே இதை வைக்கறேன். எங்க வீட்டுப் பொண்ணுக்கு நல்லதைச் சொல்லிக்குடுங்க. நல்லா இருங்க."

அவர் பேசி முடிக்கவும், திரையில் பேராசிரியர் தாள்களிலிருந்து தலையை நிமிர்த்திப் பெரிதாக ஆட்டி, "நல்லது. தொடங்கலாமா?" என்று கேட்கவும் சரியாக இருந்தது.

மாமனாரின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அதைப் பார்த்த பிறகு யாரால் சொல்ல முடியும்?

மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் வீடு வேறு வீடாகிவிட்டது. யங்கோனாச் சட்டி பின்கட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலோடு திரும்பினார்கள். மாமனார் அறைக்குப் போகவேண்டுமானால் அவள் முதுகுக்குப் பின்னால்தான் போகவேண்டும். உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் எதிரில் தாம் நிமிர்ந்து நடப்பது அவருக்கு ஆகாது. அதனால் இடுப்பை மடித்து, முழங்காலை மடக்கி, ஏறக்குறையத் தவழ்ந்து, "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டபடியே போவார். எழுபது வயதைத் தாண்டியவர். பதிவு செய்யப்பட்ட ஒரு முகத்துக்கு.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சர்ச்சுக்கு இருபது பேருக்குச் சமைக்க முடியுமா, எங்கள் பெண்ணுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் வாங்கித் தருவாயா, உன் தையல் மிஷினைக் கொஞ்சநாள் எடுத்துப்போகட்டுமா – எதுவும் இல்லை. இங்கே ஒருவர் வந்து உட்கார்ந்து "கெரெகெரெ" என்று ஆரம்பித்துவிட்டால், கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். சொந்தக்காரர் கேட்டு இல்லையென்று சொன்னவள் என்ற பெயரோடு இந்த ஊரில் மீன் வாங்கக்கூடப் போக முடியாது. கேட்கவிடாமல் இருப்பது ஒன்றுதான் வழி. அந்த வழியைப் பேராசிரியர் ஹாலோரன் அவளுக்குத் திறந்து வைத்திருந்தார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை.

குளிர்மாதத்தில் கோரோவிலிருந்து வைசாகேயின் பங்காளிகள் வந்தார்கள். குலத் தலைமை காலியாக இருக்கிறது, தனியேலாவுக்கு வயதாகிவிட்டது, வைசாகே பெண்டாட்டியோடு வந்து அங்கேயே இருந்து பொறுப்பை ஏற்கவேண்டும் என்றார்கள். திமிங்கிலப் பல் கொண்டு வரவில்லை. அதை வைத்துக் கேட்டதை யாரும் மறுக்க முடியாது; கொண்டு வந்திருந்தால் அன்றே முடிந்துபோயிருக்கும். பேச்சாக மட்டும் போட்டுவிட்டு, "யோசிங்க" என்று கப்பலேறினார்கள். வைசாகே தலையைச் சொறிந்தான்.

ஒரு வாரம் கழித்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சலா, மாமனார் போனில் யாரிடமோ பேசுவதைக் கேட்டாள்.

"சலாகிட்டதான் கேக்கணும். வைசாகேகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவ சரின்னு சொல்லணும்... இன்னும் வாய்க்கல. அவ வகுப்பு முடியட்டும்."

கையில் இருந்த ஈரப் போர்வையோடு அப்படியே நின்றுவிட்டாள். கோரோவில் ஒரு சின்ன சுகாதார நிலையம் உண்டு. இணையம், மழை இல்லாத நாளில், மலையேறினால் கிடைக்கும். இன்னும் இரண்டு பாடம்தான் பாக்கி. மாமனார் வாய்விட்டுக் கேட்டால் அவள் போயாக வேண்டும். அதனால் அவர் கேட்கக் கூடாது.

அன்றிலிருந்து வகுப்பு நீண்டது. அந்த வாரத்து விரிவுரை முடிந்த பிறகும் அதையே மறுபடி ஓட்டினாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, பேராசிரியரின் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. மாமனார் கூடத்து மூலையில் பாயில் காத்திருப்பார். திரையின் கருப்பு ஓரத்தில் அவர் உருவம் சின்னதாகத் தெரியும். முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, முறை வருமென்று வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்போல. கொஞ்ச நேரத்தில் தலை சாயும். நன்றாகத் தூங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகு சலா கணினியை மூடி, பூனைபோல் எழுந்து போவாள். படுக்கையில் வைசாகேயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டால்கூட, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி தூங்குகிறவரின் குறட்டை கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தப் பருவத்தில் அவள் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை, சர்க்கரை நோயாளிகள் புண்ணோடு ஏன் தாமதமாக மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பதைப் பற்றியது. காரணம் விழிப்புணர்வுக் குறைவு என்று எழுதியிருந்தாள். நன்றாக எழுதியிருந்தாள் என்று பேராசிரியரே பாராட்டியிருந்தார்.

மாமனார் வீட்டுக்குள்ளேயே காலுறை போட ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்குத் தெரியாது. வைசாகேயின் பழைய ரக்பி காலுறைகள், முழங்கால்வரை ஏறுபவை.

"எந்த அணிப்பா? முன்வரிசையா, பின்வரிசையா?" என்று வைசாகே கேலி செய்தான்.

"போடா. தரை சில்லுங்குது," என்றார் அவர்.

லம்பாசாவில் தரை எந்த மாதமும் சில்லென்று இருப்பதில்லை. சலா அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே தட்டுகளை எடுத்துப்போனாள்.

சனிக்கிழமை மதியம் அதேதா வந்தாள். வைசாகேயின் தங்கை. சவுசவு என்ற ஊரிலிருந்து பஸ்ஸில், மடியில் மீன் கோணியோடு. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் எதை வேண்டுமானாலும் சொல்லிக் கேலி செய்துகொள்ள உரிமை உண்டு. அதேதா அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்கியவளல்ல.

"வந்துட்டேன் ஆஸ்பத்திரி ராணியே! எங்க அண்ணன் இப்பல்லாம் துணி துவைக்கறானாமே? பஸ் ஸ்டாண்டுலயே சொன்னாங்க. வெள்ளையா துவைக்கறானா?"

"உன் புருஷனை அனுப்பு, கத்துக்குடுக்கச் சொல்றேன்," என்றாள் சலா.

"அவனுக்குத் துணியே கிடையாது, எங்க துவைக்க?"

பெரியவர் சர்ச்சுத் தோட்டத்துக்குப் போயிருந்தார். சலா சமையலறையில் மீனைக் கழுவிக்கொண்டே, காலையில் பாதியில் விட்ட விரிவுரையைக் கூடத்தில் ஓடவிட்டிருந்தாள். அதேதா கையைத் துடைத்துக்கொண்டே போய் மேசைமுன் உட்கார்ந்தாள்.

"இவர்தானா அந்தப் பெரிய மனுஷர்? வணக்கம் சார். எங்க அண்ணி படிக்கறாளா, இல்ல பின்பெஞ்சுல தூங்கறாளா?"

திரையை நோக்கிக் குனிந்தபோது அவள் முழங்கை எதிலோ பட்டது. பேராசிரியர் வாயைத் திறந்தபடியே நின்றுபோனார். அதேதா பதறி மறுபடி தட்டினாள். அவர் பேசினார். தட்டினாள். நின்றார். தட்டினாள். விட்ட இடத்திலிருந்து, ஒன்றுமே நடக்காததுபோல் பேசினார்.

மீனும் கையுமாக வாசற்படியில் வந்து நின்ற சலாவை அதேதா திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி. இது சினிமா மாதிரி போட்டு வச்சதா?"

"ம்."

"எல்லா நாளுமா?"

"எப்பவாவது ஒருநாள் நேரா நடக்கும். மத்ததெல்லாம்..."

அதேதா முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டாள். "அடிப்பாவி! எங்கப்பா இந்தப் படத்துக்கா யங்கோனா வச்சாரு? கோரோ முழுக்க போன் பண்ணிச் சொன்னாரே, வாத்தியார் தலையாட்டி வாங்கிக்கிட்டாருன்னு!" உருண்டவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். சிரிப்பு எங்கேயோ நின்றுபோயிருந்தது. "தினம் இந்தப் பக்கமா முட்டி போட்டுப் போறாரே, அது?"

மீனிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"நான் சொல்லமாட்டேன், அண்ணி. நீயே சொல்லிடு. இன்னிக்கே. உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம் அவருக்கு. போன்ல ரெண்டு மூணு தடவை சொல்லிட்டாரு, அவ எப்ப சும்மா இருப்பா, எப்ப சும்மா இருப்பான்னு. நானே கேக்கறேன், என்னன்னு சொல்லுங்கன்னேன். உன்கிட்ட சொல்ற விஷயம் இல்லைன்னுட்டாரு."

"எனக்குத் தெரியும் என்னன்னு."

"தெரிஞ்சுமா?" என்றாள் அதேதா. கத்தியை வாங்கிக்கொண்டு மீன் செதிலை உரிக்கப் போனாள். அவள் பேசாமல் வேலை செய்ததை சலா அதுவரை பார்த்ததே இல்லை.

மாலையில் வைசாகே பஸ் பணிமனையிலிருந்து வந்ததும் அவனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"எனக்குத் தெரியுமே," என்றான்.

"என்ன?"

"அந்தாளு பாடத்து நடுவுல தும்முவாரே. ஒரே வாரத்துல அதே தும்மலை நாலு தடவை கேட்டேன், சலா. எவ்வளவு சளி பிடிச்சாலும் அப்படி ஒரே மாதிரி யாரும் தும்ம முடியாது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்ப ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

"உனக்கு ஒரு மணி நேரமாவது யாரும் எதுவும் கேக்காம இருக்கட்டுமேன்னு. நானும் ஒண்ணும் கேக்கல பாரு." அவள் நெற்றியில் ஒட்டியிருந்த மீன் செதிலை விரலால் எடுத்தான். "ஆனா அப்பா விஷயத்துல... முட்டி போடாதீங்கன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். ஏன்னு காரணம் சொல்ல வாய் வரல. நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"அவர் கோரோவுக்குப் போகச் சொல்லுவாரு, வைசா."

"கேட்டா போவோம். அங்க போய் மிச்சத்தைப் படி. மலைமேல உனக்கு ஒரு குடிசை கட்டறேன். மழை வந்தா வாத்தியாருக்குக் குடை பிடிக்கறேன்."

அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடவேண்டும் என்று கூடத்துக்கு வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. மாமனார் சர்ச்சுத் தோட்டத்திலிருந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவ்வளவுதான். அவள் கைகள் தாமாகவே கணினியைத் திறந்தன. பேராசிரியர் பேச ஆரம்பித்துவிட்டார். அதேதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு பார்வை சலாவின் பிடரியில் சூடாக நின்றது.

"ஓ, வகுப்பா," என்று மாமனார் எழுந்தார். "துலோ, துலோ."

இடுப்பு மடிந்தது. முழங்கால் மடங்கியது. அவள் முதுகுக்குப் பின்னால் அவர் நகரும் சத்தம் கேட்டது. ஒரு கால் தரையில் பதிந்தது. இன்னொன்று இழுபட்டது. பாதி தூரத்தில் சத்தம் நின்றுவிட்டது. "துலோ," என்றார் மறுபடியும், இன்னும் தணிந்த குரலில், எழுந்திருக்க முடியாததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பதுபோல.

அப்போது அந்த வாடை வந்தது. தேங்காயெண்ணெயும் பூவும் கலந்து மேலே பூசியிருந்தாலும் அதற்கு அடியில் இருந்தது. பதினைந்து வருஷமாக வார்டில் எந்தக் கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலும் அவள் மூக்கு அடையாளம் கண்டுகொண்ட வாடை. தினமும் அவள் முதுகுக்குப் பின்னால் போய்வந்துகொண்டிருந்த வாடை. இல்லை, மண்ணாக இருக்கும், தோட்டத்து உரமாக இருக்கும் என்று மனம் அவசரமாகச் சொன்னது.

கையை நீட்டித் தட்டினாள். பேராசிரியர் நின்றார்.

"நெட் போயிடுச்சா?" என்று பின்னாலிருந்து மாமனார் கேட்டார். இன்னும் குனிந்தே இருந்தார்.

"இல்ல மாமா. நான்தான் நிறுத்தினேன்." திரும்பி, பாயில் அவருக்கு எதிரே, அவரைவிடத் தாழ்வாக உட்கார்ந்தாள். "எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம். இவர் இங்க இல்ல. எப்பவோ பேசி வச்சது. முதல் நாள்லயிருந்தே அப்படித்தான். நான் சொல்லல."

அவர் திரையைப் பார்த்தார். திறந்த வாயோடு நின்ற அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அவரு என்னைப் பாக்கவே இல்லையா?"

"இல்ல மாமா."

"அன்னிக்குத் தலையாட்டினாரே?"

"அது... அவர் யாரைப் பாத்தோ ஆட்டினது."

பெரியவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டார். அவள் எதை எதிர்பார்த்தாளோ அது வரவில்லை. அவர் தோள்கள் குலுங்கின. சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை. ஒருநாள் குளிச்சிட்டு துண்டோட ஓடினேன். அதுலயிருந்து அவர் மூஞ்சியைப் பாக்கவே எனக்கு வெக்கம்."

சமையலறையில் அதேதா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சலா அழுதுகொண்டிருந்தாள். ஏசியிருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். இந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"உங்களுக்கு என்கிட்ட ஏதோ கேக்கணும்னு எனக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சுதான் இதை ஓட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க தூங்கற வரைக்கும்."

அவர் சிரிப்பு நின்றது. பாயின் ஓரத்து நூலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்ப கேளுங்க," என்றாள். "எதுவா இருந்தாலும் சரி. நான் வரேன்."

"எங்க வரே?" என்று அவர் புரியாமல் பார்த்தார்.

"கோரோவுக்கு."

"கோரோவா? அவனுங்க கிடக்கறானுங்க. வேற ஆளா இல்ல அங்க?" கையை வீசி அதைத் தள்ளினார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். அதேதா, கூப்பிடாமலே, பின்கதவு வழியாக வெளியே போனாள். வைசாகேயையும் இழுத்துக்கொண்டு போவது கேட்டது. கூடத்தில் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். திரை தானாக அணைந்தது.

பெரியவர் உள்ளங்கைகளைக் குழித்துச் சத்தமில்லாமல் தட்டினார். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை.

"கெரெகெரெ," என்றார். "மருமககிட்ட கேக்கக் கூடாதது. எனக்கு வேற வழி தெரியல. எங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்குள்ள போனப்ப ரெண்டு காலோட போனாரு." கை காலுறையின் விளிம்புக்குப் போய், அங்கேயே நின்றது. "அங்க வேற யாரும் பாக்கறதுக்கு முன்னாடி, இந்தக் காலை நீ ஒரு தடவை பாரும்மா."